கருவி வாங்கும் முன் கணினியைக் கவனியுங்கள்



மாணவர்களின் கதைகளையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்யும் ஆர்வம் தமிழ்ப்பள்ளிகளில் காணப்படுவது மகிழ்ச்சிக்குரியது. தன் குரலைத் தானே கேட்கும் குழந்தை, லகர ளகர ழகர வேறுபாட்டை எளிதில் உணர்ந்து திருத்திக்கொள்கிறது. ஆனால், அதற்கான கருவியை நாம் தேர்ந்தெடுக்கும் முறை தலைகீழாக உள்ளது என்பதே என் கருத்து. முதலில் கருவியை வாங்குகிறோம். பிறகுதான் அது பள்ளிக் கணினியோடு பொருந்துமா என்று பார்க்கிறோம்.

ஒலி இடைமுகம் என்பது, ஒலிவாங்கி தரும் மெல்லிய மின் அலைகளைக் கணினி ஏற்கும் எண்களாக மாற்றும் சிறு பெட்டி. அது கணினியோடு இணைந்து செயல்பட 'இயக்கி' என்னும் மென்பொருள் தேவை. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது. தயாரிப்பாளர் இயக்கியைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், இயங்குதளம் மாறும்போது பழுதற்ற பெட்டியும் பயனற்றுப் போகலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பயர்வயர் கருவியை வாங்கினால், இன்றைய கணினிகளில் அதைச் செருக இடமே இராது.

மென்பொருளும் முக்கியம். புகழ்பெற்ற புரோ டூல்ஸ், 2010-இல் அதன் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை, தன் நிறுவனத்தைச் சார்ந்த கருவிகளோடு மட்டுமே இயங்கியது. இன்று அத்தகைய கட்டுப்பாடு இல்லை. எனினும், விண்டோஸில் கியூபேஸ் போன்ற மென்பொருளுக்கு 'ஏசியோ' வகை இயக்கி தேவை. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டிக்கு அது கட்டாயமன்று. விண்டோஸின் வழக்கமான ஒலி அமைப்பே போதும்.

ஆகவே, வரிசையை மாற்றுவோம். முதலில் மென்பொருளை முடிவு செய்வோம். அடுத்து, கணினியின் இயங்குதளத்தையும் அதன் யூஎஸ்பி துளையின் வடிவத்தையும் குறித்துக்கொள்வோம். கருவியைக் கடைசியில் தேடுவோம். யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கான பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிக்குத் தனி இயக்கி தேவைப்படாது. அத்தரத்தின் இரண்டாம் பதிப்பை விண்டோஸ் 10, 2017-இல் வந்த புதுப்பிப்பு முதல் தானாகவே ஏற்கிறது. தயாரிப்பாளர் கைவிட்டாலும் இத்தகைய கருவி நம்மைக் கைவிடும் வாய்ப்புக் குறைவு.

வகுப்பறைக்கு எட்டு ஒலிவாங்கிகளை இணைக்கும் பெட்டி எதற்கு? ஒரு குழந்தை கதை சொல்ல ஓர் உள்ளீடு போதும். பாட்டுக்கும் இசைக்கருவிக்கும் இரண்டு போதும். கண்டென்சர் வகை ஒலிவாங்கி வைத்திருப்போர், பெட்டி 48 வோல்ட் மின்சாரம் தருகிறதா என்று பார்த்தல் வேண்டும். பாடும் குழந்தை தன் குரலைத் தாமதமின்றிக் காதணியில் கேட்க, நேரடியாகக் கேட்கும் வசதியும் இருத்தல் நலம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டும் ஒவ்வொரு வெள்ளியும் உழைப்பால் வந்தது. கடைக்காரரிடம் "எது சிறந்தது?" என்று கேட்பதை விடுத்து, "எங்கள் கணினிக்கும் மென்பொருளுக்கும் எது பொருந்தும்?" என்று கேட்போம். இயன்றால் பள்ளி மடிக்கணினியையே கடைக்குக் கொண்டு சென்று சோதிப்போம். அலமாரியில் உறங்கும் விலையுயர்ந்த பெட்டியைவிட, வாரந்தோறும் ஒரு பிள்ளையின் தமிழைப் பதிவு செய்யும் எளிய பெட்டியே மேலானது.