கூரை இருப்பவர்களுக்கே சூரியன்

வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்தினால் ஒன்றிய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம்தான் அது. மொத்த மதிப்பு 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். காலக்கெடு 2026-27 நிதியாண்டு. இவ்வளவு பொதுப்பணம் யாருடைய மாடியில் போய் இறங்குகிறது என்று நம் தோழர்களே அதிகம் கேட்பதில்லை. சுற்றுச்சூழலுக்கு நல்லது, இதில் எங்கே வந்தது சாதி என்று கடந்துவிடுகிறோம். திட்டத்தின் தகுதி விதிகளில் சாதி பற்றி ஒரு சொல்லும் கிடையாதுதான். ஆனால் ஒவ்வொரு விதியும் சாதி ஏற்கெனவே போட்டுவைத்த கோட்டின் மேல்தான் நிற்கிறது என்கிறேன் நான்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். ஒரு கிலோவாட்டுக்கு மானியம் 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. அரசு வைத்திருக்கும் அடிப்படை விலையே முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதுக்கு 45,000. ஆக மூன்று கிலோவாட்டுக்கு 1,45,000 ரூபாய். இணையத்தில் பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைக் கொண்டு தகடு பொருத்தி, நெட் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுப்பணத்தையும் நாம்தான் புரட்ட வேண்டும், இல்லையென்றால் கடன் வாங்க வேண்டும்.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். சொந்த வீடு வேண்டும், தகடு தாங்கும் கூரை வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். ஊர்த்தெருவில் மாடிக்கு மேல் மாடி நிற்கிறது. காலனியில் அரசு எப்போதோ கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, காரை பெயர்ந்து கம்பி தெரிய நிற்கிறது. பக்கத்தில் ஓலை, தகரம், ஆஸ்பெஸ்டாஸ். மழைக்கே தார்ப்பாய் போடும் கூரையில் எந்த நிறுவனம் தகடு ஏற்றும்?

மின் இணைப்பு விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி ஈ.பி. அட்டை இறந்துபோன தாத்தாக்களின் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றப் போனால் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள், வீட்டுக்கான ஆவணம் கேட்கிறார்கள். நத்தம் புறம்போக்கிலும் கூட்டுப் பட்டாவிலும் வாழ்கிறவர் எந்த ஆவணத்தைக் காட்டுவார்? 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கிய காலத்திலிருந்து நம் மக்களின் நிலப் பிரச்சினை காகிதத்தில்தான் சிக்கிக் கிடக்கிறது. இப்போது சூரிய ஒளியும் அதே காகிதத்தில் வந்து சிக்குகிறது.

கடன் இருக்கிறதே, பிணை கூடக் கேட்பதில்லையே என்பார்கள். வங்கி சிபில் பார்க்கும். நுண்கடன் தவணை நான்கு தவறிய பெண்ணுக்கு அந்தக் கதவும் மூடியாயிற்று. வாடகை வீட்டில் இருப்பவருக்கோ பேச்சே இல்லை. சாதி கேட்டு, கறி தின்பீர்களா என்று கேட்டு வீடு மறுக்கப்படுகிறவர்கள், கிடைத்த வீட்டில் உரிமையாளர் வைத்த சப் மீட்டருக்கு அவர் சொல்லும் விலை கொடுக்கிறார்கள். நகரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அடுக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு மேல் இருப்பது இன்னொருவர் வீட்டின் தரை.

“ஏழைகளுக்குத்தான் தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவசமே, அவர்களுக்கு எதற்கு சோலார்?” என்று ஒரு வாதம் வரும். அந்த 100 யூனிட் குடிசைக்கும் உண்டு, பங்களாவுக்கும் உண்டு. அதற்கு மேல் அடுக்கு ஏற ஏற யூனிட் விலை ஏறுகிறது. அதனால் ஏ.சி. நிறைய ஓடும் வீட்டுக்குத்தான் சூரிய மின்சாரத்தால் மிச்சம் அதிகம். அதிகம் செலவழிக்கிறவருக்கு மானியமும் அதிகம், சேமிப்பும் அதிகம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் குழந்தையைத் தூங்க வைக்க முடியாத தாய், ‘குறைவாகப் பயன்படுத்துகிறவர்’ என்ற பட்டியலில் சேர்ந்து கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறார். மின்சாரம் தேவையில்லாததால் அவர் குறைவாகப் பயன்படுத்தவில்லை. விசிறிக்கு மேல் எதையும் வாங்க வழியில்லாததால் அப்படி.

“எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதீர்கள்” என்பவர்களுக்கு இரண்டு முன்னுதாரணம் சொல்கிறேன். 2011-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு 29 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் ஒதுக்கினார்கள். கிடைத்தது 300 சதுர அடி வீடும் 5 விளக்குகளும்தான். ஆனால் சூரியனில் இடஒதுக்கீடு அப்போதே வந்துவிட்டது. இரண்டாவது மகாராஷ்டிரா. 2025-இல் அந்த அரசு, மாதம் 100 யூனிட்டுக்குக் கீழே பயன்படுத்தும் வீடுகளின் ஒரு கிலோவாட்டுக்கு ஒன்றிய மானியத்தின் மேல் தன் பங்காகப் பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாயும் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளுக்கு 15,000 ரூபாயும் அறிவித்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் கட்ட வேண்டியது 2,500 ரூபாய் மட்டுமே. பா.ஜ.க. தலைமையிலான அரசுக்கே தெரிந்த இந்தக் கணக்கு, பெரியார் பெயரைச் சொல்லி அரசியல் செய்யும் மண்ணில் யாருக்கும் புரியாதா?

கேட்க வேண்டியது இதுதான். மானியம் பெற்றவர்களின் சமூக விவரத்தை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டு நிதியைச் செலவழிக்க 2024-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறோம். மானியம் போக மீதியை அதிலிருந்து கட்டுங்கள், முன்பணம் கேட்காதீர்கள். மின்வாரியமே பல வீடுகளைச் சேர்த்து அமைத்துக்கொடுக்கும் முறைக்கு 2024 டிசம்பரிலேயே ஒன்றிய அரசு விதிமுறை வெளியிட்டுவிட்டது. அதைக் காலனிகளிலிருந்து தொடங்குங்கள். கூரை இல்லாதவர்களுக்கு ஆதிதிராவிடர் விடுதி மாடியும் சமுதாயக்கூட மாடியும் இருக்கின்றன. அங்கே விளையும் மின்சாரத்தைத் தெருவில் உள்ள மீட்டர்களில் வரவு வையுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஊருக்கே வந்து முகாம் போடுங்கள்.

இளைய தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை வீட்டு இணைப்பு இறந்தவர் பெயரில் இருக்கிறது, எத்தனை கூரை தகடு தாங்கும், எத்தனை பேர் வாடகையில் இருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணி எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கிராமசபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். கெடு முடிந்த பிறகு நியாயம் பேசிப் பயனில்லை. குளம், கிணறு, தெரு என்று ஒவ்வொன்றையும் பொது என்று சொல்லி வேலி போட்டார்கள். போராடித்தான் உள்ளே போனோம். வெயிலைச் சுமந்து உழைத்தவர்களுக்கு வெயிலின் வருமானத்திலும் பங்கு வேண்டும்.