கடைசி வீட்டுக்கும் இணைப்பு உண்டா?



செஞ்சிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூருக்கு, நோயுற்றோரைச் சந்திக்க அவ்வப்போது செல்வேன். அங்கே ஒரு பாட்டி, வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகனோடு பேசுவதற்காக மாலையில் ஏரிக்கரை மேட்டுக்கு நடந்து போகிறார். "வீட்டுல டவர் எடுக்காது சாமி. இங்க வந்தாத்தான் அவன் குரல் கேட்குது" என்றார். பாறைக்குன்றுகள் மறைக்கும் இடங்களுக்குக் கோபுரத்தின் அலை எட்டுவதில்லை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் அன்று அரசர்களுக்கு அரணாக நின்றன. அதே போன்ற குன்றுகள் இன்று ஏழைகளுக்குத் தடையாக நிற்கின்றன.

தொலைத்தொடர்பில் நம் நாடு உலகில் எந்த இடத்தில் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

எண்ணிக்கையால் அளந்தால் நாம் பெருமைப்படலாம். 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் கைபேசி அழைப்பு கொல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நடந்தது. அப்போது ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு ரூபாய்வரை ஆனது. 2024 இறுதியில் நம் நாட்டில் கைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 115 கோடி. இணையக் கட்டணமோ உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. ஆனால் அதே ஆண்டு இறுதியில் கம்பிவழி இணைப்புகள் நான்கு கோடிக்கும் குறைவு. அதாவது, நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் கோபுரத்தின் அலையை மட்டுமே நம்பி இருக்கிறார்கள். அலை எட்டாத வீட்டுக்கு வேறு வழியில்லை.

முந்திக்கொண்டோமா என்று அளந்தால், அண்டை நாடான இலங்கை நம்மை முந்தியது. தெற்காசியாவின் முதல் கைபேசிச் சேவை 1989-இல் அங்கேதான் தொடங்கியது. ஆனால் போரின் காரணமாக, 2002 போர்நிறுத்தத்திற்குப் பிறகே அச்சேவை யாழ்ப்பாணத்தை அடைந்தது. கொழும்பில் இருந்தது வடக்கே இல்லை. ஒரு நாடு முதலிடம் பெற்றது என்பதற்காக அதன் எல்லா மக்களும் அதைப் பெற்றார்கள் என்று பொருளாகாது.

வேகத்தால் அளந்தால் தென்கொரியா முன்னணி நாடுகளுள் ஒன்று. 1995-லேயே அந்நாட்டு அரசு தகவல் கட்டமைப்புக்கெனத் தனித் திட்டம் தீட்டியது. மக்கள் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்வதால் ஒரு கம்பி நூறு வீடுகளுக்குப் பயன்பட்டது. "அது நெருக்கமான நாடு, அங்கே எளிது" என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் பின்லாந்தைப் பாருங்கள். காடும் ஏரியும் நிறைந்த, மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த நாடு அது. அந்நாடுதான் 2010 ஜூலை 1 முதல், நொடிக்கு ஒரு மெகாபிட் வேக இணைய இணைப்பை ஒவ்வொரு குடிமகனின் சட்டப்பூர்வ உரிமையாக்கியது. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு அது. வேகம் சிறியதுதான். ஆனால் சட்டம் கடைசி வீட்டையும் கணக்கில் வைத்தது.

நம்மிடம் அந்த எண்ணம் இல்லையா? இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு ஊர்ப்புறச் சேவைக்கென்று 2002 முதல் திரட்டப்படுகிறது. இரண்டரை இலட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடியிழை வடத்தால் இணைக்க 2011 அக்டோபரில் ஒப்புதல் தரப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் முடிய வேண்டிய அந்தப் பணி, 'பாரத்நெட்' என்ற பெயரோடு பத்தாண்டுகளைக் கடந்தது. 2023-இல் அதற்கு மேலும் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்காகத் தனி நிறுவனமே 2018-இல் உருவானது. ஆனால் வடம் ஊராட்சி அலுவலகம்வரை வந்துவிட்டால் போதுமா? அங்கிருந்து குடியிருப்புக்கும், பள்ளிக்கும், துணை சுகாதார நிலையத்துக்கும் போவதற்கு யார் பொறுப்பு?

இது வசதி பற்றிய கேள்வி அன்று. வாழ்வு பற்றிய கேள்வி. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைபேசியும் அலையும் இருந்த பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை ஆடு மேய்க்கப் போனது. நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி வேலை செய்ய இணைப்பு வேண்டும். நூறுநாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல், தொழிலாளர் வருகையை நாளுக்கு இருமுறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. அரிசிக்கும் கூலிக்கும் அலையை நிபந்தனையாக்கும் அரசு, அந்த அலையை உரிமையாகத் தர வேண்டாமா? கடமையை மட்டும் ஏழையின் தோளில் ஏற்றுவது நீதியாகுமா?

ஒரு நாட்டின் தொலைத்தொடர்பு வளர்ச்சியை அதன் தலைநகரில் நின்று அளக்கக் கூடாது. கடைசி வீட்டு வாசலில் நின்று அளக்க வேண்டும். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த கிராம சபையில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: வடம் நம் ஊராட்சிக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் வேலை செய்கிறதா? நம் பள்ளிக்கு எப்போது வரும்? கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டி மழைக்காலத்திலும் ஏரிக்கரை மேட்டுக்கு ஏறிப்போகிறார். மகனின் குரலை அவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் நாளில், நாமும் வளர்ந்த நாடுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். சிந்திப்போம்.