இலவச சிகிச்சைக்குச் சட்டத்தின் உத்தரவாதம் வேண்டும்

அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பவரிடம், அவர் இந்நாட்டுப் பிரஜையா, அவரது வருமானம் எவ்வளவு என்று பொதுவாக எவரும் விசாரிப்பதில்லை. 1951 ஆம் ஆண்டில் கட்டணங்கள் நீக்கப்பட்டதிலிருந்து வளர்ந்து வந்த இந்த வழமை, எமது நாடு பெருமைப்படக்கூடிய சாதனைகளில் ஒன்று என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், இந்தச் சேவையை ஒவ்வொருவரினதும் உரிமையாக அறிவிக்கும் ஏற்பாடு 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இல்லை. அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயத்தில் சுகாதாரம் இடம்பெறவில்லை. மக்களின் போதிய வாழ்க்கைத் தரம் பற்றிப் பேசும் அரச கொள்கை வழிகாட்டிக் கோட்பாடுகளையோ எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என 29 ஆவது உறுப்புரை கூறுகின்றது. 1952 ஆம் ஆண்டின் சுகாதார சேவைகள் சட்டமும் பிரதானமாக நிர்வாகக் கட்டமைப்பு பற்றியதே. ஆகவே, இலவச சிகிச்சை என்பது சட்டத்தில் அன்றி அரசாங்கங்களின் நல்லெண்ணத்திலேயே தங்கியிருக்கின்றது.

நல்லெண்ணம் மாறக்கூடியது. 1971 இல் வெளிநோயாளர்களிடம் 25 சதம் அறவிடப்பட்டது. 1977 இல் அது கைவிடப்பட்டது. விதித்ததும் நீக்கியதும் ஆட்சியாளர்களின் தீர்மானமே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, மருந்துகளை வெளியில் வாங்கி வருமாறு ஏழை நோயாளர்களுக்குத் துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. கட்டணம் அறவிடப்படவில்லை என்பதால் சிகிச்சை இலவசமாகவே இருந்தது என்று கூறிவிட முடியுமா?

சுகாதாரத்தின் பெயரால் பிறப்பிக்கப்படும் நிர்வாகக் கட்டளை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை முஸ்லிம் மக்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, 2021 பெப்ரவரியிலேயே மாற்றப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் அக்குடும்பங்கள் அனுபவித்த வேதனைக்கு ஈடு ஏது?

உரிமையைச் சட்டமாக்குகையில், அது யாருக்குரியது என்ற வினா எழும். இங்கு மலையகத்தின் வரலாறு எமக்குப் பாடமாகின்றது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் 1912 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பாக்கப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. நாடு முழுவதிலும் இலவச சேவை விரிவடைந்தபோது அவர்கள் அதன் ஓரத்திலேயே நின்றனர். எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் தீர்வு தந்தது. ஆனால், தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி பல தசாப்தங்களாகியும் முழுமை பெறவில்லை.

எனவே, புதிய ஏற்பாட்டில் 'பிரஜை' என்ற சொல்லுக்குப் பதிலாக 'ஆள்' என்ற சொல்லே இடம்பெற வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. தமிழகத்திலிருந்து திரும்பி ஆவணங்களுக்காகக் காத்திருக்கும் அகதிக் குடும்பமும், 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையை வந்தடைந்த ரோஹிங்யா மக்களும் நோயுற்றால், அவர்களிடம் முதலில் கேட்கப்பட வேண்டியது அடையாள அட்டையல்ல.

பணமில்லாத அரசு இத்தகைய உறுதியை எவ்வாறு அளிப்பது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தென்னாபிரிக்காவின் 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதற்கு வழிகாட்டுகின்றது. சுகாதார சேவையை நாடும் உரிமை அங்கு எல்லோருக்கும் உண்டு. கிடைக்கக்கூடிய வளங்களுக்குள் அதனைப் படிப்படியாக நிறைவேற்றுவது அரசின் கடமை. அவசர சிகிச்சையை மட்டும் எவருக்கும் மறுக்க முடியாது. இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் அதே 1996 இல், அரசாங்க வைத்தியசாலையில் உரிய நேரத்தில் சிகிச்சை மறுக்கப்படுவது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தினால் மருந்தை உற்பத்தி செய்ய முடியாது என்பது உண்மையே. ஆயினும், மருந்து ஏன் இல்லை என்று கேட்பதற்கு நோயாளிக்கு ஓரிடத்தை அதனால் அளிக்க முடியும்.

சுகாதார உரிமையை ஏற்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1980 இலேயே அங்கீகரித்துவிட்டது. உலகுக்கு அளித்த அந்த வாக்கைத் தனது மக்களுக்கும் எழுத்தில் அளிப்பதற்கு இனியும் தாமதம் ஏன்? அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர், அதிகாரப் பகிர்வுடன் இதனையும் முதன்மையான கோரிக்கையாக முன்வைக்க வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். தமிழ், முஸ்லிம், மலையகப் பிரதிநிதிகள் கட்சி பேதமின்றி ஒன்றுபட்டுக் குரல் கொடுக்கக்கூடிய விடயம் இதுவாகும்.