சுவருக்குள் ஒரு வெற்றிடம்

செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினால் சுவரின் பருமன் குறையாது. செங்கல் செலவு ஏறக்குறைய 25 சதவீதம் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். இந்த 'எலிப்பொறிக் கட்டு' முறையைக் கேரளத்தில் பரப்பியவர் லாரி பேக்கர். மேல்தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டைக் குறைத்து மங்களூர் ஓடுகளைப் பதித்தார், சிமென்ட் மிச்சமானது. சூளையில் எரியும் விறகையும் ஏழை வாங்கும் கடனையும் சேர்த்தே கணக்கிட்ட அரிய கட்டடக் கலைஞர் அவர்.

2007இல் அவர் மறைந்தார். தமிழகத்திலோ ஏழைகளுக்கான தொகுப்பு வீடுகள் பலவும் கோடையில் கொதிக்கும் கான்கிரீட் பெட்டிகளாகவே நிற்கின்றன. வீட்டுத் திட்ட மதிப்பீடுகளில் இம்முறைகளுக்கு அரசு இடமளிக்க வேண்டும். கொத்தனார்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும்.