ஒரு மணி நேரப் பயணமா? கணக்கைப் பார்ப்போம்!

விவசாயப் பெருமக்களே!

"சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரே மணி நேரம்" என்கிறார்கள். கமலாபுரம் விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் வான்வழியில் சுமார் 265 கிலோமீட்டர். பறக்கிற நேரம் ஒரு மணி என்பது நிஜம்தான். மீதியை யார் சொல்வது? நாங்கள் கூட்டிப் பார்த்தோம். சேலம் டவுனிலிருந்து கமலாபுரம் சுமார் 20 கிலோமீட்டர், முக்கால் மணி. ஒன்றரை மணி முன்னாடியே போய்ச் சோதனைக்கு நிக்கணும். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை வாங்கி, சென்ட்ரல் போய்ச் சேர இன்னொரு மணி. ஆக நாலு மணி நேரத்துக்கு மேல்! 2023 ஏப்ரலில் விட்ட வந்தே பாரத் ரயிலுக்கும் அதே நாலு மணிதான். (அந்த டிக்கெட் நமக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கதை.)

இதற்காகத்தான் 2018இல் விரிவாக்கம் என்று சொல்லி கமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடியில் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள். அந்த வருசம் வந்த விமானமோ 2021இல் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் இறங்கும், சரி. சென்னை ஒரு கஜமாவது கிட்டே வருமா? கிணறும் காடும் போனபிறகு நாம் எதில் ஏறி எங்கே போவது?

அளக்க வந்தால், ஊர்கூடிப் பேசாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்!