வலிக்காத கட்டி

மார்பில் தோன்றும் கட்டி வலிக்காதவரை அபாயமற்றது என்னும் அபிப்பிராயம், வைத்திய சாஸ்திரத்தின் முடிந்த முடிபுபோல நம் வீடுகளில் வழங்கி வருகிறது. குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட புளியங்கொட்டையளவுக் கட்டியைப் பற்றி, வெட்கத்தை ஒருவாறு அடக்கிக்கொண்டு, ஒரு பெண் தன் தாயாரிடமோ நாத்தனாரிடமோ வாய் திறந்தால், "வலிக்கிறதா?" என்பதே முதற்கேள்வி, இல்லையென்றதும், "கொழுப்புக் கட்டிதான், தானே கரைந்துவிடும்" என்று விசாரணை முடிந்துவிடுகிறது. இவ்வளவு சாதாரணமாகச் சொல்லப்படும் இவ்வார்த்தை எத்தனையோ தாய்மார்களின் உயிருக்கு உலை வைத்திருக்கிறது.

பல்லிலும் காதிலும் வலி நல்ல எச்சரிக்கையாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோயோ, பெரும்பாலும் பால் நாளங்களின் உட்சுவரில் தோன்றி, ஜுரமும் சீழும் உண்டாக்காமல், மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், அரவமின்றி வளர்வது. மார்பு வலிக்கிறதென்று வருகிறவர்களில் மிகப் பலருக்குக் காரணம், மாதவிலக்கையொட்டி ஏறியிறங்கும் ஹார்மோன்களே. காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வதும், தோலில் குழி விழுவதும், காம்பில் இரத்தம் கசிவதும், அக்குளில் திரளை தோன்றுவதும் வலித்தே தீரவேண்டும் என்ற நியதி ஏதுமில்லை. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல என்பது மெய். ஆனால் அதை நிச்சயிக்க வேண்டியவை மாமோகிராமும் ஸ்கேனும் ஊசிவழி எடுக்கும் சதைப் பரிசோதனையுமே. எங்கள் வம்சத்திலேயே இது கிடையாது என்னும் ஆறுதலும் செல்லாது. பரம்பரைக் கோளாறால் வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான்.

1998-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் ஒரு பெரும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை, டாக்டர் பட்டமில்லாத, பயிற்சி மட்டுமே பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கொரு முறை கையாலேயே பரிசோதித்தார்கள். இருபதாண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோது, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்திருந்தது. இளையோரிடம் அத்தகைய பயன் புலப்படவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஊழியர்கள், வலிக்கிறதென்று யாரும் வந்து முறையிடும்வரை காத்திராமல், தாமே வீதிதோறும் தேடிச் சென்றார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. முப்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களிலேயே இப்பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் வகுத்த பின்னும், நம் பெண்கள் போகாதிருப்பதற்கு இந்த வலிச் சித்தாந்தமே பெருங்காரணம் என்பேன்.

தாய்ப்பால் கொடுப்பதும், மாதவிலக்கு நின்றபின் உடல் பருக்காமல் காப்பதும், நாள்தோறும் நடப்பதும், மதுவை விலக்குவதும் இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கும், அறவே நீக்கிவிடா. நான்கு பிள்ளைகளுக்குப் பாலூட்டியவளுக்கும் கட்டி வரலாம்; அதுவும் வலிக்காமலே வரலாம். எதிர்பார்த்திருந்த அந்த வலி கடைசியில் பலருக்கு வரத்தான் செய்கிறது. மார்பில் அன்று, நோய் பரவிவிட்ட முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும். அந்நிலையில் சிகிச்சையால் ஆயுளை நீட்டலாம், வேதனையைத் தணிக்கலாம். நோயை வேரறுப்பது பெரும்பாலும் இயலாது.