எடை குறைந்தால் போதுமா?

'லான்செட்' மருத்துவ இதழ் 2004-ஆம் ஆண்டு ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. இரண்டு மருத்துவர்கள் அதில் இருக்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை பொருத்தமா என்று சொல்லும் பிஎம்ஐ அளவு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர் பலரின் உடல்வாகு இதுதான். கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். தசை குறைவு, கொழுப்பு அதிகம்.

உடம்பைக் குறைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நாம் கரைக்க நினைப்பது கொழுப்பை. அளந்து பார்ப்பதோ எடையை. எடையில் எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எது குறைந்தாலும் மெஷினில் எண் இறங்கும். சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

"ஒரே வாரத்துல மூணு கிலோ போச்சு" என்று சிலர் பூரிப்போடு சொல்வார்கள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருப்பார்கள், அல்லது பழமும் கஞ்சியுமாக நாளை ஓட்டியிருப்பார்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டாலும் அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் ஒரே வாரத்தில் போன அந்த மூன்று கிலோ என்ன? பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. சேமிப்பு தீரும்போது தண்ணீரும் வெளியேறுகிறது. பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடுகிறது.

பட்டினி நீண்டால் தசையும் கரையும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிறு உணவே கொடுத்து ஆராய்ந்தார். பிறகு அவர்களுக்குப் போதிய சாப்பாடு கிடைத்தபோது, இழந்த தசையைவிட வேகமாகத் திரும்பியது கொழுப்புதான். பட்டினி கிடந்து, கைவிட்டு, மறுபடியும் பட்டினி கிடக்கிறவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் நேரக்கூடிய இழப்பு இது.

அடுத்தது, 'சத்தானது' என்ற பெயரில் வரும் பிழை. அரிசியை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறியவர்கள், எவ்வளவு சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று நம்பிவிடுகிறார்கள். 100 கிராம் பச்சரிசியில் சுமார் 350 கலோரி, அதே அளவு கேழ்வரகில் சுமார் 320. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும், நல்லதுதான். ஆனால் நான்கு கேழ்வரகு தோசை நான்கு தோசையேதான். நாட்டுச் சர்க்கரையும் தேனும் சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட சமமான கலோரியைத்தான் தருகின்றன. செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. தாளிக்கும்போது கை தாராளமாகி ஒரு மேசைக்கரண்டி கூடினால் 120 கலோரி கூடிவிடும்.

நம் தட்டில் உண்மையில் குறைவது புரதம். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு காட்டியது. மலை போல் சோறு, தண்ணியாகச் சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்ற தட்டில் அரிசியை மட்டும் பாதியாக்கினால் வயிறு நிறையாது, தசைக்கும் ஒன்றும் கிடைக்காது. அந்த இடத்தைச் சுண்டலும் கெட்டிப் பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் காய்கறியும் நிரப்ப வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். சொல்லும் பரிந்துரை. ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். உங்கள் வீட்டுத் தட்டை இன்றைக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி உடற்பயிற்சி. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 முதல் 300 கலோரி செலவாகலாம். பூங்கா வாசலில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் கணக்கு அங்கேயே நேராகிவிடும். நடையை விடச் சொல்லவில்லை. சர்க்கரை அளவுக்கும் இதயத்துக்கும் மனதுக்கும் நடையைப் போல் நல்லது குறைவு. நடந்தோமே என்று சாப்பாட்டில் சலுகை எடுத்துக்கொள்வதுதான் தவறு.

தொப்பைக்கென்று தனிப் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் கரையும் என்பதும் நடக்காத காரியம். ஒரு கையாலேயே விளையாடும் டென்னிஸ் வீரர்களை 1971-ல் அளந்து பார்த்தார்கள்; இரண்டு கையிலும் தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வியர்வை கொட்ட வேண்டுமென்று வெயிலில் ஜாக்கெட் போட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். கரையும் 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது என்று 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும்.

தசையைக் காப்பாற்ற அதற்கு வேலை கொடுக்க வேண்டும். வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம்முக்குப் போக வசதி இல்லாவிட்டால் வீட்டிலேயே தோப்புக்கரணமும் தண்டாலும் போடலாம். வெயிட் தூக்கினால் ஆண் உடம்பாகிவிடும் என்று பெண்கள் தயங்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அறுபதைக் கடந்த எத்தனையோ பெண்கள் தரையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுக்காமல் எழ முடியாமல் தவிக்கிறார்கள். தசை தேய்வதும் அதற்கு ஒரு பெரிய காரணம். நாற்பதில் தசையைச் சேர்ப்பது எழுபதில் நம் காலில் நிற்பதற்காக.

தூக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிகாகோவில் 2010-ல் ஒரே அளவு குறைந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் சிலரைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். எடை இரண்டு முறையும் சுமார் மூன்று கிலோ குறைந்தது. அதில் கொழுப்பின் பங்கு முதல் முறை 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது வெறும் 0.6 கிலோ. மெஷினைக் கேட்டால் இரண்டும் ஒன்றென்றே சொல்லியிருக்கும்.

ஆகவே மெஷினோடு ஒரு இஞ்ச் டேப்பும் வாங்குங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான எல்லை. எடை அப்படியே இருந்து இடுப்பு சுருங்கினால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளைச் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். மற்றவர்கள் நாளைய மதியத் தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கிண்ணம் சுண்டலைச் சேருங்கள். பட்டினியை விட்டுவிடுங்கள், அவசரத்தையும் விட்டுவிடுங்கள்.